பட்டியலில் விட்டுப்போன வரி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வழக்கமாக வாசலிலேயே "என்ன மிசியே, காபி இருக்கா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே நுழைபவர், அன்று பேசாமல் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு கடிதம்.

விஷயம் இதுதான். இணையத்தில் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறார். அவர் பிறந்த ஆண்டு 1948. சான்றிதழிலும் 1948. ஆனால் போய்ச் சேர்ந்த விண்ணப்பத்தில் 1951 என்று இருக்கிறது. சான்றோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள்.

"மூணு வருஷம் இளமையாயிட்டீங்க, சந்தோஷப்படுங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இல்லப்பா. நான் 48-ன்னுதான் போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அங்க 51-ன்னு இருக்கு. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார்.

அவருடைய அண்ணன் கடைசி மூன்று வருடம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்து போனவர். நண்பர் எதைச் சொல்ல வருகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வயதில் நம் எல்லோருக்கும் உள்ளுக்குள் இருக்கும் பயம்தானே அது.

அவரை என் கணினி முன்னால் உட்காரவைத்து, அதே படிவத்தைத் திறந்து, மறுபடி நிரப்பச் சொன்னேன். பக்கத்தில் நாற்காலி போட்டு, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த ஆண்டு என்ற கட்டத்தைத் தொட்டார். ஆண்டுகளின் பட்டியல் கீழே இறங்கியது. நிதானமாக 1948-ஐத் தேடிப் பிடித்து அழுத்தினார். சரியாகத்தான் செய்தார். அடுத்த கேள்வி பக்கத்தின் கீழே இருந்தது. கீழே போவதற்காக மவுஸின் நடுச் சக்கரத்தை உருட்டினார். பக்கம் நகரவில்லை. ஆண்டு நகர்ந்தது. 49, 50, 51. சக்கரத்தின் மூன்று சொடுக்குக்கு மூன்று வருடம். அவர் கண் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

"நிறுத்துங்க, மேல பாருங்க" என்றேன்.

பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. கோளாறு படிவத்துக்குத்தான்."

அதற்குப் பிறகுதான் காபி கேட்டார்.

நண்பர் போன பிறகும் அந்தப் பட்டியல் என் மனதை விட்டுப் போகவில்லை. இப்படிக் கட்டத்தைத் தொட்டால் கீழே இறங்கி நிற்கும் பட்டியலுக்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயர் 'டிராப் டவுன்'. பிரெஞ்சில் 'லிஸ்த் தெரூலாந்த்' என்பார்கள். சுருட்டி வைத்த பாய் அவிழ்வது போல அவிழும் பட்டியல் என்று பொருள். இந்தப் பட்டியலுக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. இதுவரை இங்கே எழுதாத கணக்கு. இன்று எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகும் அந்தப் படிப்பு தொடர்ந்தது என்பது இங்குள்ள நண்பர்களுக்குத் தெரியும். வீட்டில் யாருக்காவது சொல்தா பென்ஷன் இருந்தால், வந்து சேரும் காகிதங்களைப் படித்துச் சொல்வது பள்ளிக்கூடப் பிள்ளையின் வேலை. எங்கள் தெருவில் அந்த வேலை எனக்கு. பன்னிரண்டு வயதிலேயே நான் படிவ நிபுணன்.

அந்தப் பிரெஞ்சுப் படிவங்களில் ஒரு வாசகம் அடிக்கடி வரும். 'ரேயே லா மான்சியோன் இனுத்தீல்'. தேவையற்றதை அடித்துவிடுக என்று அர்த்தம். திருமண நிலைக்கு எதிரே நான்கு சொற்கள் அச்சடித்திருக்கும். செலிபத்தேர், மாரியே, வேஃப், திவோர்சே. அதாவது மணமாகாதவர், மணமானவர், துணையை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர். மூன்றை அடித்துவிட்டு ஒன்றை விட்டுவைக்க வேண்டும். உலகத்தில் உள்ள மனிதர்கள் எல்லோரும் இந்த நான்குக்குள் அடங்கிவிடுவார்கள் என்று அந்த வயதில் நான் நம்பினேன். நாற்பது வயதிலும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரையே.

1972-ல் கீழ்நிலை எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தேன். 1994-ல் எங்கள் பிரிவுக்குக் கணினி வந்தது. அதற்கென்று ஒரு அறை, அந்த அறைக்கு மட்டும் குளிர்சாதனம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உதவித்தொகை விண்ணப்பங்களை இனிமேல் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. மென்பொருள் எழுத வந்த இளைஞர் என்னிடம் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து, "சார், ஒவ்வொரு கேள்விக்கும் என்னென்ன பதில் வரலாம்னு எழுதிக் குடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் போட்டுடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்று மதியமே உட்கார்ந்து எழுதிவிட்டேன். முதலில் ஊர்கள். நம் புதுச்சேரியின் 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள், ஆகப் பதினைந்து. பிறகு உறவுமுறை, தொழில் என்று வரிசையாக. திருமண நிலை என்ற இடம் வந்ததும் கை தானாக எழுதியது. 1 மணமாகாதவர், 2 மணமானவர், 3 துணையை இழந்தவர், 4 மணவிலக்குப் பெற்றவர். பள்ளிக்கூட நாளில் படித்த அதே நான்கு, அதே வரிசை. அலமாரியில் பத்து வருடத்துப் பழைய விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

அந்தப் பழைய விண்ணப்பங்களில் திருமண நிலைக்கு எதிரே வெறும் கோடு மட்டும்தான் இருக்கும். ஜனங்கள் அதில் வேண்டியதை எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்களே கேட்டு எழுதுவோம். எங்கள் கண்காணிப்பாளர் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்புப் போட்டு மேலே அனுப்புவார். நான்கு சொல் அச்சடித்த பிரெஞ்சுப் படிவத்தில்கூட, நான்கையும் அடித்துவிட்டு மேலே ஐந்தாவதாக ஒன்று எழுத முடியும். காகிதம் கோபித்துக்கொள்ளாது. கணினிக்கு ஓரம் கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கணினி வந்த இரண்டாவது மாதம் ஒரு அம்மா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள், பெரியவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் லாரியில் கிளீனராகப் பம்பாய்ப் பக்கம் போனவர், ஒன்பது வருடமாகத் தகவல் இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அதற்குச் சான்று வாங்கி வந்திருந்தார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

தட்டச்சு செய்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், இவங்களுக்கு எதைப் போட?" என்றாள்.

"கல்யாணமானவங்கதானே, 2 போடு."

2 போட்டதும் கணவரின் மாத வருமானம் என்று அடுத்த கட்டம் திறந்தது. காலியாக விட்டால் மேலே நகரவில்லை. பூஜ்யம் போட்டால் கணவரின் கையொப்பமிட்ட உறுதிமொழி இருக்கிறதா என்று கேட்டது.

"சரி, 3 போடு" என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்று இன்று நினைத்தாலும் கூசுகிறது. 3 போட்டதும் இறப்புச் சான்றிதழ் எண் கேட்டது.

"உங்க வீட்டுக்காரர் இறந்ததுக்கு சர்டிபிகேட் இருக்காம்மா?" என்று தட்டச்சுப் பெண் கேட்டாள்.

அந்த அம்மாவின் கை தாலிக்கயிற்றுக்குப் போனது. "அவரு உசுரோட இருந்தா?" என்றார். அவ்வளவுதான். சத்தம்கூட இல்லை.

மணவிலக்கும் ஆகவில்லை, மணமாகாதவரும் இல்லை. என் நான்கு வரிகளிலும் அவருக்கு இடம் இல்லை. தட்டச்சுப் பெண் விசைப்பலகையின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான், "பிறகு வாங்கம்மா, மேலே கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவர் காகிதங்களை மடித்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, "மன்னிச்சுக்குங்க ஐயா, உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். கேட்டவர் அவர்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரிய சட்டப் புத்தகம் எதையும் புரட்டத் தேவையில்லாத விஷயம் இது. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் போன இடம் தெரியாதவர்களுக்கென்று 1804-லேயே தனிப் பகுதி இருந்தது. இந்தியச் சாட்சியச் சட்டம், 1872, அதன் 108-ஆம் பிரிவில் ஏழு வருடம் தகவல் இல்லாதவரைப் பற்றிப் பேசியது. ஆனால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும். உதவித்தொகை கேட்டு வரும் ஒரு அம்மா வக்கீலுக்கு எங்கே போவார்? இரண்டு தேசத்துச் சட்டத்துக்கும் தெரிந்த அந்த மனிதர், ஒரு மதியத்தில் நான் எழுதிய பட்டியலுக்குத் தெரியாமல் போய்விட்டார்.

மறுநாள் அந்த இளைஞரிடம் போய் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். "சார், ஒரு வரி சேர்க்கறது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா லெட்டர் இல்லாம நான் கை வைக்க முடியாது" என்றார். கடிதம் எழுதினேன். கோப்பு மேலே போனது, கேள்வியோடு கீழே வந்தது, பதிலோடு மறுபடி மேலே போனது. ஐந்து நிமிட வேலைக்கு நான்கு மாதம் ஆயிற்று. கடைசியில் இரண்டு வரிகள் சேர்ந்தன. 5 கணவர் அல்லது மனைவி இருக்கும் இடம் தெரியாதவர். 9 இதர, விவரம் எழுதவும்.

வரி சேர்ந்த அன்றே அந்த அம்மாவின் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை போட்டேன். வரவில்லை. இன்னொன்று போட்டேன். அது 'வீடு காலி செய்துவிட்டார்' என்று திரும்பி வந்தது. அந்தப் பக்கம் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலும் விசாரித்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கணவரைப் போலவே அவரும் இருக்கும் இடம் தெரியாதவர் ஆகிவிட்டார். அந்தத் திரும்பி வந்த அஞ்சலட்டையை 2010-ல் ஓய்வு பெறும்வரை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இப்போது வீட்டில் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். புது வரி வந்த முதல் மாதத்திலேயே 5 என்ற எண்ணோடு பதினொரு விண்ணப்பங்கள் வந்தன. அதற்கு முந்தைய மாதங்களில் இப்படிப்பட்டவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? இருந்தார்கள். சிலர் 2 என்று போட்டுக்கொண்டு இல்லாத கணவரின் வருமானத்தை எழுதினார்கள். சிலர் எழுந்து போனார்கள். என் பட்டியல் அவர்களைப் பொய் சொல்ல வைத்தது, அல்லது வீட்டுக்கு அனுப்பியது.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் எங்கள் பிரிவில் எந்தப் புதுப் படிவம் வந்தாலும் பட்டியலை நான்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். அதில் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது கணினி வேலையில் இருந்தால் சொல்லிவையுங்கள்.

முதலாவது, பட்டியலின் முதல் வரி பதிலாக இருக்கக் கூடாது. 'தேர்ந்தெடுக்கவும்' என்று வெறுமையாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பட்டியல் அகர வரிசையில் அரியாங்குப்பத்தில் தொடங்கியது. கட்டத்தைத் தொடாமல் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் அரியாங்குப்பத்துக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வில்லியனூர்க்காரரைத் தேடி எங்கள் ஆள் அரியாங்குப்பத்தில் அலைந்த கதை உண்டு.

இரண்டாவது, பட்டியலை மடித்து மறைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். நான்கைந்து பதில்தான் என்றால் எல்லாவற்றையும் வட்டங்களோடு திறந்தே வைத்துவிடலாம். மனிதன் ஒரே பார்வையில் பார்ப்பான். பதினைந்து என்றால் மடிக்கலாம். அப்போதும் முதலில் பகுதியைக் கேட்டால், புதுச்சேரிக்காரருக்கு 7, காரைக்கால்காரருக்கு 6, மாஹே, ஏனாமுக்கு ஒவ்வொன்று என்று தன் ஊர் மட்டும் வரும். கேரளத்துக்குள் இருக்கும் மாஹேக்காரர் ஏன் பாகூரையும் பார்க்க வேண்டும்? பிறந்த ஆண்டுக்குப் பட்டியலே வேண்டாம். நான்கு இலக்கத்தை அடிக்க விட்டுவிடுங்கள். என் நண்பருக்கு அந்த ஒரு வாரத் தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது, பெயர் மாறலாம், எண் மாறக் கூடாது. 2006-ல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2001-லும் 2011-லும் நம் எண் 34-தான். இன்று கடைக்காரர் தரும் ரசீதில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணைப் பாருங்கள். நம் ஊர்க் கடை என்றால் 34 என்றுதான் தொடங்கும். பழைய ஏடும் புது ஏடும் பேசிக்கொள்வது அந்த எண்ணால்தான். ஒரு வரியை நீக்கினாலும் அதன் எண்ணை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது.

நான்காவது, 'இதர' என்ற வரி எப்போதும் வேண்டும். கடைசியில் வேண்டும். பக்கத்தில் எழுத இடமும் வேண்டும். மாதம் ஒரு முறை அங்கே ஜனங்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால், அது பட்டியலில் விட்டுப்போன வரி. 2011 கணக்கெடுப்பில் ஆண் 1, பெண் 2 என்பதோடு இதர 3 என்று முதன்முறையாகச் சேர்த்தார்கள். அதே கணக்கெடுப்பில் பிரிந்து வாழ்பவருக்கும் மணவிலக்குப் பெற்றவருக்கும் தனித்தனி எண் கொடுத்தார்கள். செய்தியைப் பார்த்தபோது, நான் மட்டும் தாமதமாகக் கற்றுக்கொண்டவன் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல்.

கடைசியாக, நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு. பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், சக்கரத்தை உருட்டுவதற்கு முன் பக்கத்தில் வெற்றிடம் பார்த்து ஒரு சொடுக்குச் சொடுக்குங்கள். அனுப்புவதற்கு முன் மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை விரலை வைத்துப் படியுங்கள். அப்படியும் தப்பு வந்தால், உடனே நமக்கு மூளை மங்கிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். படிவம் எழுதியவரும் மனிதர்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய கட்டைப் பிரித்துப் பார்க்காமல் எழுதியிருப்பார்.

நண்பரின் விண்ணப்பத்தை அன்றே திருத்தி அனுப்பினோம். இந்த முறை சக்கரத்தைத் தொடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து எழுந்தவர், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "உன்னைத் தொந்தரவு பண்ணிட்டேன்பா" என்றார்.

முப்பது வருடத்துக்கு முன் கேட்ட அதே வார்த்தை. "அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க" என்றேன். ஏன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. இதைப் படித்தால் புரியும்.